பொய்யாத் தடம்

கணினியாளர் கெர்னல் என்று வழங்கும் கருனி, இயங்குதளத்தின் உயிர்நிலை. அது பிழைபட்டு நிற்க நேரும்போது, நிற்பதற்கு முன் சில வரிகளை எழுதிவைக்கிறது. எந்த ஆணையில் பிழை நேர்ந்தது, அந்த ஆணை எந்தச் செயற்கூற்றினுள் இருக்கிறது, அச்செயற்கூற்றை அழைத்தது எது, அழைத்ததை அழைத்தது எது எனப் படிப்படியாக நீளும் அவ்வரிசையே அடுக்குத் தடம். பயனர் நிரல் ஒன்று வீழ்ந்தால் அதன் நினைவகத்தைக் காத்துவைத்து ஆய்வுக்குத் தருவதற்குக் கருனி இருக்கிறது. கருனியே வீழும்போது பிழைபட்டதும் சாட்சி சொல்வதும் ஒன்றே ஆகிவிடுகின்றன. தன் நினைவகம் சிதைந்திருக்கலாம், தன் பூட்டுகள் பூட்டியபடியே கிடக்கலாம் என்ற நிலையில் நின்றுகொண்டு, தான் வந்த வழியை அது நமக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சொல்லை எப்போது நம்பலாம்? தடம் முழுமையாக இருந்தால் நம்பலாம் என்று தோன்றும். முழுமையைக் காட்டிலும் முதன்மையான ஒன்று உண்டு. தான் அறியாத இடம் வந்தால் அறியேன் என்று தடம் சொல்லவேண்டும். பாதியில் நின்றுபோன தடத்தைப் படிப்பவர் மீதியைத் தேடிச் செல்வார். நடுவில் ஒரு பெயர் ஓசையின்றி விடுபட்ட தடமோ நிறைவானது போலவே தோற்றமளிக்கும்; அதைப் படிப்பவர் தவறான கோப்பைத் திறந்து, குற்றமற்ற நிரலில் நாட்கணக்கில் பிழை தேடுவார். லினக்ஸ் கருனியை ஆக்கியோர் இந்த வேறுபாட்டைத் தெளிந்து, அதற்கேற்பத் தம் கருவிகளைத் திருத்தி அமைத்த வரலாறு கணினியியலின் அரிய பகுதிகளுள் ஒன்று என்பது என் துணிபு.

எக்ஸ்86-64 வகைச் செயலியில் இயங்கும் லினக்ஸை எடுத்துக்கொள்வோம். கருனியினுள் நுழையும் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி அடுக்கு உண்டு. அதன் அளவு 16 கிலோபைட் மட்டுமே. 2014ஆம் ஆண்டுவரை அது 8 கிலோபைட்டாகவே இருந்தது. அடுக்கு உயர்ந்த முகவரியில் தொடங்கித் தாழ்ந்த முகவரியை நோக்கி வளர்கிறது. ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது, பணி முடிந்ததும் எங்கே திரும்பவேண்டும் என்னும் முகவரியைச் செயலி அடுக்கில் இட்டுவைக்கிறது. திரும்பும் ஆணை அதை எடுத்துக்கொண்டு அவ்விடம் செல்கிறது. ஆகவே எந்த நொடியிலும், நிலுவையில் உள்ள எல்லா அழைப்புகளின் திரும்பு முகவரிகளும் அடுக்கில் இருக்கின்றன. அவற்றைப் பொறுக்கி எடுத்துப் பெயராக மாற்றினால் தடம் கிடைத்துவிடும்.

பொறுக்கி எடுப்பதில்தான் இடர்ப்பாடு. திரும்பு முகவரிகளோடு செயற்கூறுகளின் மாறிகளும், காத்துவைத்த பதிவக மதிப்புகளும், செயற்கூறுகளைக் குறிக்கும் சுட்டுகளும் அதே அடுக்கில் கலந்து கிடக்கின்றன. எந்த எட்டு பைட் திரும்பு முகவரி, எந்த எட்டு பைட் வேறொன்று என்று அடையாளமிடும் வழக்கம் செயலிக்கு இல்லை. அதனினும் கொடிது, முடிந்துபோன அழைப்புகளின் எச்சம். செயற்கூறு திரும்பும்போது அடுக்குச் சுட்டு மட்டுமே நகர்கிறது, எழுதியவை அழிவதில்லை. முந்தைய பாடவேளையில் எழுதியதைத் துடைக்காமல் அதே கரும்பலகையில் அடுத்த ஆசிரியர் எழுதத் தொடங்குவதைப் போல, இப்போதைய செயற்கூறு தன் மாறிகளுக்கென ஒதுக்கி இன்னும் நிரப்பாத இடங்களில் பழைய திரும்பு முகவரிகள் அப்படியே துலங்கிக்கொண்டிருக்கும்.

பழைய முறை இந்தக் குப்பையை வடிகட்டவே முயலவில்லை. அடுக்கை முதலிலிருந்து முடிவுவரை துழாவி, கருனியின் நிரற்பகுதிக்குள் விழும் மதிப்பு எதுவாயினும் அதை அச்சிட்டது. இன்றும் எக்ஸ்86 கருனி அம்முறையைக் கைவிட்டுவிடவில்லை. அதற்கு ஒரு நேர்மையை மட்டும் சேர்த்துக்கொண்டது. முறைப்படி நடந்து உறுதிசெய்த பெயர்கள் வெறுமையாக வரும். அடுக்கில் கண்டும் உறுதிசெய்ய இயலாத பெயர்களுக்கு முன் ஒரு வினாக்குறி நிற்கும். இவ்வாறு இரண்டையும் அச்சிடுவதற்கான காரணத்தைக் கருனியை ஆக்கியோருள் ஒருவரான இங்கோ மோல்னார் விளக்கி எழுதியது கருனியின் ஆவணங்களிலேயே இருக்கிறது. வினாக்குறி வரிகளைக் கண்டவுடன் தள்ளிவிடுவோர் உண்டு. அது தவறு. சற்று முன்பு என்ன நடந்தது என்பதை அந்த எச்சங்கள் சில வேளை காட்டிக்கொடுக்கும். அடுக்கு சிதைந்து முறைப்படி நடக்க இயலாதபோது கையில் எஞ்சுவதும் அவை மட்டுமே.

அடுக்கில் ஒரு செயற்கூற்றுக்கு உரிய பகுதி சட்டகம் எனப்படும். முறைப்படி நடப்பதற்குப் பழைமையான வழி சட்டகச் சுட்டு. ஒவ்வொரு செயற்கூறும் தொடங்கும்போது, அதற்கென ஒதுக்கிய பதிவகத்தின் பழைய மதிப்பை அடுக்கில் இட்டு, அப்படி இட்ட இடத்தின் முகவரியை அப்பதிவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. இதனால் ஒவ்வொரு சட்டகமும் தன்னை அழைத்ததன் சட்டகத்தைக் காட்டும். திரும்பு முகவரியோ அதற்கு அடுத்த எட்டு பைட்டில் இருக்கும். இணைப்பு இணைப்பாகப் பற்றிச் சென்றால் அடுக்கின் தொடக்கத்தை அடையலாம். எளிய முறை; எந்த அட்டவணையும் வேண்டாம்.

விலை உண்டு. ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் கூடுதல் ஆணைகள் வருகின்றன. கருனியின் நிரற்பகுதி ஏறத்தாழ 3.2 விழுக்காடு பருக்கிறது. கருனியை ஆக்கியோருள் ஒருவரான மெல் கோர்மன் செய்த அளவீடுகளில் சில வகைப் பணிகள் 5 முதல் 10 விழுக்காடு வரை தளர்ந்தன. பெருந்தரவு நிலையங்களை நடத்துவோர்க்கு இது சிறு தொகையன்று.

ஆயினும் விலையினும் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. சட்டகச் சுட்டு முறையை நம்பியவர்கள் அதன் ஓட்டையைத் தெளிவாகக் காணவேண்டும். முதற் செயற்கூறு இரண்டாவதை அழைக்கிறது என்று கொள்வோம். இரண்டாவதன் முதல் ஆணை நிறைவேறுமுன், அதாவது அது தன் சட்டகத்தை அமைக்குமுன், வன்பொருளிலிருந்து ஒரு குறுக்கீடு வருகிறது. அந்நொடியில் பதிவகம் இன்னும் முதற் செயற்கூற்றின் சட்டகத்தையே சுட்டிக்கொண்டிருக்கிறது. அச்சட்டகத்தில் உள்ள திரும்பு முகவரியோ முதற் செயற்கூற்றை அழைத்ததன் முகவரி. தடம் வரைபவர் இரண்டாவதன் பெயரை எழுதுவார்; அடுத்து முதலாவதை அழைத்ததன் பெயரை எழுதுவார். முதலாவது காணாமற் போய்விடும். அழைத்ததே அதுதான், வரிசையில் அதன் பெயரே இல்லை. எந்த எச்சரிக்கையும் இல்லை. சட்டகம் அமைக்காத, கையால் எழுதிய பொறிமொழி நிரல்களிலும் இதே விபத்து நேரும். அங்கே அது ஓரிரு ஆணைகளின் இடைவெளியில் அன்று, செயற்கூறு முழுவதிலும் நேரும்.

குறுக்கீடு வந்தது என்பதையாவது தடம் வரைபவர் அறியவேண்டும் அல்லவா? அதற்கு 2016இல் ஒரு நுட்பம் கண்டார்கள். குறுக்கீடு வரும்போது எல்லாப் பதிவகங்களும் அடுக்கில் ஒரு தொகுதியாகக் காக்கப்படுகின்றன. கருனியின் நுழைவாயில் நிரல், அத்தொகுதியின் முகவரியோடு ஒன்றைக் கூட்டிச் சட்டகச் சுட்டில் இடும். மெய்யான சட்டக முகவரி எட்டின் மடங்காகவே இருக்கும். அதன் கடைசி பிட் சுழியமாகும். கடைசி பிட் ஒன்று என்று கண்டால், இது சட்டகமன்று, காத்துவைத்த பதிவகத் தொகுதி என்று தடம் வரைபவர் உணர்ந்துகொள்வார். ஒரே ஒரு பிட்டில் இவ்வளவு செய்தியை அடக்கியது என்னைப் பெரிதும் கவர்ந்த செயல்.

மற்றொரு வழி, சட்டகச் சுட்டே இன்றி அட்டவணையைத் துணைக்கொள்வது. நிரல்பெயர்ப்பிக்குத் தான் ஆக்கிய ஒவ்வோர் ஆணையிலும் அடுக்கின் நிலை தெரியும். அந்த அறிவை டுவார்ஃப் என்னும் வடிவில் அது எழுதித் தரும். பிழைநீக்கிகள் அதைப் படித்து வழி காண்கின்றன. பயனர் நிரல்களில் நன்கு உழைக்கும் இம்முறை கருனிக்குள் 2006இல் வந்தது. அதே ஆண்டு திசம்பரில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை நீக்கினார். டுவார்ஃப் ஓர் அட்டவணை மட்டுமன்று. தனக்கென ஒரு சிறு பொறியையும் கணக்கீட்டு மொழியையும் கொண்டது. அதைப் படிக்கும் நிரலும் பெரிது, அதன் பிழைகளும் பல. கருனி வீழ்ந்துகொண்டிருக்கும்போது தடம் வரையும் நிரலே மீண்டும் வீழ்ந்தால், முதற் பிழையின் செய்தியும் அதனோடு புதைந்துபோகும். பொறிமொழி நிரல்களுக்கோ மனிதர் கையால் குறிப்பெழுத வேண்டியிருந்தது. நிரல் மாறும், குறிப்பு மாறாது. பொய்யான குறிப்பை எந்தச் சோதனையும் பிடித்துத் தராது. எக்ஸ்86 பகுதியில் இருந்த அக்குறிப்புகள் பேணவே இயலாதவை என்று கண்டு 2015இல் அடியோடு களைந்தார்கள்.

டோர்வால்ட்ஸின் மறுப்பைப் பிடிவாதம் என்று கருதியோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. தடம் வரையும் நிரலுக்கு உள்ள கட்டுப்பாடுகள் அத்தகையவை. அது பூட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. பூட்டை வைத்திருப்பதே வீழ்ந்த செயற்கூறாக இருக்கலாம். புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது. தடுக்க இயலாக் குறுக்கீட்டின் நடுவிலும், தன்னைத்தானே இடைமறித்த நிலையிலும் அது இயங்கவேண்டும். அடுக்கு சிதைந்து வட்டமாகச் சுட்டிக்கொண்டிருந்தாலும் முடிவின்றிச் சுழலக் கூடாது. பணியின் அடுக்கு, குறுக்கீட்டு அடுக்கு, இரட்டைப் பிழைக்கான அடுக்கு எனப் பல அடுக்குகளைத் தாண்டிச் செல்லும் எக்ஸ்86 நிரல், எவற்றைக் கடந்தோம் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. கடந்ததையே மீண்டும் கண்டால் நின்றுவிடுகிறது. இத்தனை கட்டுப்பாடுகளுக்குள் நிற்கவேண்டிய நிரல் சிறியதாகவே இருக்கமுடியும்.

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஜாஷ் பாயிம்பாஃப் ஆக்கிய ஆப்ஜ்டூல் என்னும் கருவி, 2016இல் லினக்ஸ் 4.6 பதிப்போடு வெளிவந்தது. நிரல்பெயர்ப்பி சொல்வதையும் அது நம்புவதில்லை, சில இடங்கள் தவிர மனிதர் எழுதிய குறிப்பையும் நம்புவதில்லை. பெயர்ப்பு முடிந்து கிடைக்கும் பொறிக்குறியீட்டையே நேராகப் படிக்கிறது. ஒவ்வொரு செயற்கூற்றிலும் ஒவ்வொரு கிளைவழியிலும் ஆணை ஆணையாகச் சென்று, இந்த ஆணையில் அடுக்கு எவ்வளவு நகர்ந்தது, பழைய பதிவகம் எங்கே காக்கப்பட்டது என்று கணக்கிடுகிறது. இரு வழிகளில் வந்து சேரும் ஓர் இடத்தில் இரு வேறு கணக்குகள் கிடைத்தால் எச்சரிக்கை எழுப்புகிறது. முதலில் இது பொறிமொழி நிரல்கள் சட்டகத்தை முறையாக அமைக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கே பயன்பட்டது.

சரிபார்க்கத் தெரிந்த கருவிக்கு அந்த அறிவை எழுதிவைக்கவும் தெரியும் அல்லவா? 2017இல் சூசே நிறுவனத்தின் யிரி ஸ்லாபி டுவார்ஃப் முறையை மீண்டும் கருனிக்குள் கொண்டுவர முன்மொழிந்த காலத்தில், பாயிம்பாஃப் வேறு வழியை வைத்தார். ஆப்ஜ்டூல் கண்டறிந்ததை மிக எளிய வடிவில் பதியும் ஓர்க் அட்டவணை அவ்வாண்டு நவம்பரில் லினக்ஸ் 4.14இல் வெளிவந்தது. அதன் ஒவ்வொரு பதிவும் ஆறே பைட். இந்த ஆணையில் நிற்கும்போது எந்தப் பதிவகத்தோடு எவ்வளவு கூட்டினால் முந்தைய அடுக்கு நிலை கிடைக்கும், சட்டகப் பதிவகத்தின் பழைய மதிப்பு எங்கே, குறுக்கீட்டுத் தொகுதி இதற்கு மேல் உள்ளதா என்பவற்றுக்கு மேல் அதில் ஏதும் இல்லை. கணக்கீட்டு மொழி இல்லை, பொறி இல்லை. முகவரி வரிசைப்படி அடுக்கிய பட்டியலில் இருமத் தேடல் செய்து உரிய பதிவை எடுக்கவேண்டியதுதான். தொடக்கக்கால அளவீட்டில் இது டுவார்ஃப் முறையைவிட ஏறத்தாழ 20 மடங்கு விரைவாக இயங்கியது. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை தடம் எடுக்கும் திறனளவிக் கருவிகளுக்கு அவ்விரைவு உயிர். மாற்றாகச் சில மெகாபைட் நினைவகத்தைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. செயற்கூறுகளோ சட்டகச் சுட்டின் சுமையிலிருந்து விடுபட்டன.

குறுக்கீட்டின் ஓட்டையும் இங்கே அடைபடுகிறது. செயற்கூற்றின் முதல் ஆணையிலேயே குறுக்கீடு வந்தாலும், அந்த ஆணைக்கென ஒரு பதிவு அட்டவணையில் இருக்கும். திரும்பு முகவரி அடுக்கின் உச்சியிலேயே இருக்கிறது என்று அது சொல்லும். காணாமற் போன அழைப்பாளர் வரிசையில் மீண்டும் இடம்பெறுவார்.

தடம் படிப்பவர் மனிதராக இருக்கும்வரை சிறு பிழை பொறுக்கத்தக்கதே. ஐயம் எழுந்தால் அவர் மீண்டும் பார்ப்பார். கருனியே தன் தடத்தைப் படித்துச் செயற்படும் நிலை வந்தபோதுதான் நம்பகம் என்னும் சொல்லுக்கு முழுப் பொருள் வந்தது. கணினியை நிறுத்தாமலேயே கருனியின் பிழையுள்ள செயற்கூற்றைப் புதியதால் மாற்றும் நிகழ்நிலைத் திருத்தம் 2015இல் லினக்ஸ் 4.0இல் இடம்பெற்றது. ரெட் ஹேட் நிறுவனத்தின் கேபேட்ச், சூசே நிறுவனத்தின் கேகிராஃப்ட் ஆகிய இரு முயற்சிகளின் வழிவந்தது அது. ஒரு பணி பழைய செயற்கூற்றின் நடுவே உறங்கிக்கொண்டிருக்கும்போது அப்பணியைப் புதியதற்கு மாற்றினால், பூட்டும் முறையோ தரவின் பொருளோ மாறியிருக்கும் திருத்தங்களில் பணி பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் இயங்கிக் கேடு விளைவிக்கும். எனவே 2017இல் 4.12 பதிப்பில் வந்த ஒழுங்குமுறை, உறங்கும் ஒவ்வொரு பணியின் அடுக்கையும் படித்து, மாற்றப்படும் செயற்கூறு அதில் இல்லை என்று உறுதியான பின்னரே அப்பணியை மாற்றுகிறது.

இங்கே ஒரு பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இல்லை என்று தடம் சொல்லும், கருனி நம்பும், இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனைக் கணினியோ வங்கிக் கணினியோ தன் தரவைத் தானே கெடுத்துக்கொள்ளும். ஆகவே நம்பகத் தடம் கேட்கும் செயற்கூறு பெயர் வரிசையை மட்டும் தருவதில்லை. வரிசை முழுமையானது என்ற உறுதியையும் சேர்த்துத் தருகிறது. உறுதி தர இயலாவிட்டால் பிழைக் குறியைத் திருப்புகிறது. அடுக்கு தொடங்கிய உரிய இடத்தில், பயனர் பணியாயின் பயனர் நிலையிலிருந்து நுழைந்தபோது காத்துவைத்த பதிவகத் தொகுதியில், தடம் சென்று முடிந்திருக்கவேண்டும்; வேறெங்கு முடிந்தாலும் அது ஏற்கப்படாது. வேறொரு செயலியில் இயங்கிக்கொண்டிருக்கும் பணியின் அடுக்கு படிக்கும்போதே மாறிவிடும் என்பதால் அதைப் படிக்க முயல்வதே இல்லை. சட்டகச் சுட்டு முறையில் இயங்கிய கருனி, கருனி நிலையிலேயே குறுக்கிடப்பட்ட அடுக்கைக் கண்டால் அந்த ஓட்டையை நினைந்து உடனே மறுத்துவிட்டது. மறுப்புக் கிடைத்தால் திருத்தம் காத்திருக்கிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்கிறது. அப்பணி பயனர் நிலைக்குத் திரும்பும் வாயிலிலும் அதை மாற்றிவிட வழி இருக்கிறது. காத்திருப்பதால் கேடில்லை.

வேறு கட்டமைப்புகளில் வேறு இடர்கள். ஆர்ம்64 செயலி திரும்பு முகவரியை அடுக்கில் இடுவதில்லை. அதற்கென உள்ள இணைப்புப் பதிவகத்தில் இடுகிறது. அடுத்த அழைப்பு நேருமுன் செயற்கூறு அதை அடுக்கில் காத்துக்கொள்ளவேண்டும். இடையில் குறுக்கீடு வந்தால், பதிவகத்தில் உள்ளது இன்னும் உயிருள்ள முகவரியா, முன்னரே பயன்பட்டு முடிந்த எச்சமா என்று வெளியிலிருந்து கூற இயலாது. இவ்வகை இடர்களைத் தொகுத்துக் கருனியை ஆக்கியோருள் ஒருவரான மார்க் ரட்லண்டு எழுதிய ஆவணம் 2021இல் கருனியின் ஆவணங்களில் சேர்ந்தது. எக்ஸ்86 பெற்றுவிட்ட உறுதியை ஆர்ம்64 பெறுவதற்கு அதன் பின்னும் ஆண்டுகள் பல ஆயின. இக்கலையைக் கற்க விரும்புவோர் முதலில் படிக்கவேண்டியது அவ்வாவணமே.

தடம் காணும் கருவிகளே தடத்தைக் கலைப்பதும் உண்டு. செயற்கூறு எப்போது திரும்புகிறது என்று அளக்கும் கருவி, அடுக்கில் உள்ள உண்மையான திரும்பு முகவரியை எடுத்துத் தனிப்பட்டியலில் வைத்துவிட்டு, அவ்விடத்தில் தன் சொந்த நிரலின் முகவரியை எழுதிவிடுகிறது. தடம் வரைபவர் அந்த மாற்றத்தை அறிந்து, தனிப்பட்டியலில் தேடி உண்மையான முகவரியைப் பெறவேண்டும். கருவியின் நிரல் முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்தும் இன்னும் அங்கே செல்லாத ஒரு சிறு இடைவெளி உண்டு. அப்போது அடுக்கிலும் அது இல்லை, பட்டியலிலும் இல்லை. அவ்விடைவெளியில் நிற்கும் தடத்தை நம்பகமற்றது என்றே அறிவிக்கவேண்டும்.

கடைசியாக ஒரு நுண்ணிடம். ஒருபோதும் திரும்பாத செயற்கூறுகள் கருனியில் உண்டு. கருனியை நிறுத்தும் பேனிக் அவற்றுள் ஒன்று. அதை அழைப்பதே ஒரு செயற்கூற்றின் இறுதி ஆணையாக இருந்தால், அடுக்கில் உள்ள திரும்பு முகவரி அச்செயற்கூற்றின் எல்லையைத் தாண்டி அடுத்ததன் தொடக்கத்தைச் சுட்டும். முகவரியை அப்படியே பெயராக மாற்றினால் தொடர்பே இல்லாத அண்டைச் செயற்கூற்றின் பெயர் தடத்தில் ஏறிவிடும். அதனால் தடம் வரைபவர் முகவரியில் ஒன்றைக் கழித்துவிட்டுத் தேடுகிறார். குறுக்கீட்டால் நின்ற ஆணையின் முகவரியில் மட்டும் கழிப்பதில்லை. ஆப்ஜ்டூலும் இதே செய்தியை அறியவேண்டும். இல்லையேல் அழைப்புக்குப் பின் ஆணைகள் தொடர்வதாக எண்ணி அடுத்த செயற்கூற்றுக்குள் நுழைந்து கணக்கிடும். வேறொரு கோப்பில் உள்ள செயற்கூறு திரும்புமா திரும்பாதா என்பது பொறிக்குறியீட்டில் பதிவாவதில்லை. ஆதலால் திரும்பாச் செயற்கூறுகளின் பெயர்கள் கருனியின் மூலநிரலில் ஒரு கோப்பில் கையாலேயே எழுதப்பட்டிருக்கின்றன. புதிதாக ஒன்றை ஆக்குவோர் அக்கோப்பிலும் அதன் பெயரைச் சேர்க்கவேண்டும்.